அந்த உச்சரிப்போடு சேர்ப்பார்களா?

தங்கச்சி, லண்டனுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது, நாடகப் பள்ளியில் படித்து நடிப்பையே தொழிலாக்க ஆசை, ஆனால் வாயைத் திறந்தாலே தமிழ் வாடை அடிக்கிற ஆங்கிலத்தோடு என்னைச் சேர்ப்பார்களா என்று கேட்டிருந்தீர்கள். சேர்ப்பார்கள். நானும் அதே ஆங்கிலத்தோடுதான் போனேன்.

முதல் வருடம் நான் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். ஆடிஷனுக்குப் பொதுவாக இரண்டு தனிவசனம் கேட்பார்கள். ஷேக்ஸ்பியர் காலத்து நாடகத்திலிருந்து ஒன்று, இக்கால நாடகத்திலிருந்து ஒன்று. ஷேக்ஸ்பியர் வசனத்தை ஒலிப்பதிவில் கேட்டுக் கேட்டு, அந்த நடிகரின் ஏற்ற இறக்கத்திலேயே ஒப்பித்தேன். முடித்ததும், "இதையே உங்கள் தாய்மொழியில் சொல்லுங்கள்" என்றார் தேர்வுக் குழுவில் இருந்த ஒருவர். திக்கித் திணறித் தமிழில் சொன்னேன். அதுவரை பாட்டாக ஓடிக்கொண்டிருந்த வசனத்தில் ஒரு மனிதன் இன்னொருவரிடம் எதையோ கெஞ்சிக் கேட்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது. அந்த வருடம் இடம் கிடைக்கவில்லை. அடுத்த வருடம் என் குரலிலேயே பேசினேன், கிடைத்தது.

ஆடிஷனில் திருத்தம் சொல்லி மறுபடி செய்யச் சொன்னால் பயப்பட வேண்டாம். சொன்னதை உடனே வாங்கிக்கொண்டு மாற்ற வருகிறதா என்றுதான் பார்க்கிறார்கள்.

சேர்ந்த பிறகு 'ஆர்.பி.' எனப்படும் பொது ஆங்கில உச்சரிப்பையும் வேறு வட்டார உச்சரிப்புகளையும் சொல்லித் தருவார்கள். வேண்டும்போது எடுத்துப் போட்டுக்கொள்ள அவை கூடுதல் சட்டைகள், அவ்வளவுதான். நீங்கள் இப்போதே பழக வேண்டியது அழுத்தம். நம் காது குறில் நெடிலில் பழகியது. ஆங்கிலச் சொல்லோ எந்த அசையை அழுத்துகிறோம் என்பதில் நிற்கிறது. ஷேக்ஸ்பியரின் செய்யுள் வரியில் பெரும்பாலும் பத்து அசை, ஐந்து அழுத்தம். மேசையில் தட்டிக்கொண்டே உரக்கப் படியுங்கள். கேட்பவருக்குப் புரிகிற ஆங்கிலம் அதிலிருந்தே வரும்.

மூன்று வருடப் பட்டப்படிப்பில் குரல், உடலசைவு, மேடைச் சண்டை, கேமரா முன் நடிப்பு எல்லாம் உண்டு. எனக்கு அதிகம் உதவியது ஒவ்வொரு வரிக்கும் ஒரு வினைச்சொல் எழுதும் பயிற்சி. "கதவைச் சாத்து" என்ற வரியைக் 'கோபமாக' சொல்ல முயன்றால் முகம்தான் கோணும். எதிரில் நிற்பவரை மிரட்டு, சீண்டு, மன்றாடு, தேற்று என்று மாற்றி மாற்றிச் சொல்லிப் பாருங்கள், நான்கும் நான்கு காட்சியாகும். இதைத் தமிழ் வினைச்சொற்களிலேயே எழுதினேன், யாரும் தடுக்கவில்லை. வகுப்பு பெரும்பாலும் காலையிலிருந்து மாலை வரை. ஒத்திகைக் காலத்தில் இன்னும் நீளும். படிப்போடு பகுதிநேர வேலையும் பார்த்துச் சமாளிக்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள்.

விசாவை முதலிலேயே பாருங்கள். மாணவர் விசாவில் தொழில்முறைக் கலைஞராக வேலை செய்யத் தடை உண்டு. பள்ளி நாடகத்தில் நடிக்கலாம், வெளியே சம்பளத்துக்கு நடிக்க முடியாது. படித்து முடித்ததும் எடுக்கிற கிராஜுவேட் விசாவில் அந்தத் தடை இல்லை. கட்டணமும் உங்கள் குடியேற்ற நிலையைப் பொறுத்தே மாறும், வெளிநாட்டு மாணவருக்கு மிக அதிகம். இதைத் தெரிந்துகொள்ளாமல் விண்ணப்பித்து மனமுடைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ராடா, லாம்டா, கில்டுஹால் என்று லண்டன் நாடகப் பள்ளிகளின் பெயர்களையே பிடித்துக்கொண்டிருக்காதீர்கள். கார்டிஃபில் ராயல் வெல்ஷ், கிளாஸ்கோவில் ஸ்காட்லாந்து ராயல் கன்சர்வட்டோரி இரண்டும் அதே தரத்தில் இருக்கின்றன. ருவாண்டாவில் பிறந்து, 'டாக்டர் ஹூ' தொலைக்காட்சித் தொடரின் நாயகனாக நடித்த ஷூட்டி கட்வா படித்தது கிளாஸ்கோவில்தான். நேரே மூன்று வருடத்தில் குதிக்கத் தயக்கமாக இருந்தால் பட்டப்படிப்புக்கு முன் ஆயத்தமாக்கும் ஃபவுண்டேஷன் படிப்பு ஒன்று செய்யுங்கள்.

கடைசி ஆண்டில் மாணவர்கள் நடித்துக் காட்டும் ஷோகேஸ் நடக்கும்; ஏஜென்ட்களும் நடிகர் தேர்வாளர்களும் வந்து பார்ப்பார்கள். நடிகர்களைத் தேடுவோர் பார்க்கும் ஸ்பாட்லைட் பதிவேட்டில் பெயர் ஏறும். அதோடு வாய்ப்பு வந்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். என்னோடு படித்த நல்ல நடிகர்கள் சிலர் இப்போது நடிப்பதில்லை, அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

சரி, இரண்டு வசனங்களையும் தேர்ந்தெடுத்ததும் சொல்லுங்கள். முதலில் தமிழில் பேசிக் காட்டுங்கள், கேட்கிறேன். அப்புறம் ஆங்கிலத்துக்கு வருவோம்.