வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு கூட்டாய்வு: தரவை அனுப்பும் முன்

ஐரோப்பியப் பல்கலைக்கழகம் ஒன்று தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலுள்ள உங்கள் குழுவோடு நீரிழிவு ஆய்வு செய்ய முன்வந்திருப்பதாகவும், பாதுகாப்பு விஷயத்தில் எதற்கு அஞ்ச வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். இதே ஊரில் ஆய்வுத் தரவுகளைப் பராமரிக்கும் எனக்கு, கணினிக்குள் புகுந்து திருடுபவரைவிட, ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்பே நல்லெண்ணத்தில் நாமே அனுப்பிவிடும் கோப்பைப் பற்றித்தான் கவலை அதிகம்.

சில ஆண்டுகளுக்கு முன், இவ்வூரின் சாட்ஸ்வொர்த் பகுதிக் குடும்பங்களிடம் திரட்டிய விவரங்களைக் கூட்டாளிக் குழு ஒன்று அவசரமாகக் கேட்டது. பெயர்களை நீக்கிவிட்டோம் என்ற தைரியத்தில் எக்செல் கோப்பை அனுப்பினோம். மறுநாள் திறந்து பார்த்தால், ஒரே வரியில் பிறந்த தேதி, தெரு, வீட்டில் பேசும் மொழி தமிழ் என மூன்றும் இருந்தன. எண்பதைக் கடந்தும் வீட்டில் தமிழ் பேசும் பாட்டி அந்தத் தெருவில் ஒருவர்தான். இரத்தம் எடுக்கப் போனவர்களுக்குத் தேநீர் கொடுத்து அனுப்பியவர். கோப்பை அழித்துவிட்டதாக மின்னஞ்சல் வந்தது. அதைச் சரிபார்க்க எங்களுக்கு வழியில்லை.

அதன்பின் வயதை ஐந்தாண்டுப் பிரிவாகவும், தெருவுக்குப் பதில் வட்டாரத்தையும் மட்டுமே குறிக்கிறோம். பெயரையும் அவரவருக்கு இட்ட குறியீட்டு எண்ணையும் இணைக்கும் பட்டியல் வேறொரு கணினியில், டர்பனிலேயே இருக்கிறது. முடிந்தவரை தரவை அனுப்பாமல், கூட்டாளிகள் எங்கள் சர்வரில் தனித்தனிக் கணக்கில் நுழைந்து பகுப்பாய்வு செய்யட்டும் என்கிறோம். அவர்களுடைய மாணவர் படிப்பு முடித்துப் போகும் நாளில் கணக்கையும் மூடுகிறோம்.

2021 ஜூலை முதல் முழுமையாக நடைமுறையில் உள்ள போப்பியா (POPIA) எனும் தென்னாப்பிரிக்கத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் 72ஆம் பிரிவின்படி, சம்பந்தப்பட்டவரின் ஒப்புதல், பெறுபவரைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் போன்ற அடிப்படைகளில் ஒன்றாவது இல்லாமல் தனிநபர் தகவல் நாட்டைத் தாண்டக் கூடாது. இரத்த மாதிரிகள் என்றால் சுகாதாரத் துறையின் ஏற்றுமதி அனுமதியும், 2018இல் அரசிதழில் வெளியான மாதிரிப் பரிமாற்ற ஒப்பந்தமும் தேவை.

வெளிநாட்டாரை மட்டும் சந்தேகிப்பதும் சரியல்ல. பசியடக்கும் ஹூடியா செடி பற்றிய சான் பழங்குடி மக்களின் அறிவைக் கொண்டு 1990களில் காப்புரிமை பெற்றது நம் தென்னாப்பிரிக்காவின் அறிவியல் ஆய்வு மன்றமான சி.எஸ்.ஐ.ஆர். தான், அம்மக்களுடன் பயன்பகிர்வு ஒப்பந்தம் ஏற்பட 2003 ஆயிற்று. ஆகவே கண்டுபிடிப்பின் உரிமை யாருக்கு, மூன்றாம் தரப்புக்குத் தரவு போகுமா என்பதை முதல் கூட்டத்திலேயே கேட்டு, எழுத்தில் வாங்குங்கள்.

கையெழுத்தாகும் வரை அவர்கள் அவசரப்படுத்தினால், அதே நெடுவரிசைத் தலைப்புகளில் கற்பனை எண்களை நிரப்பிய கோப்பை அனுப்புங்கள். அவர்களுடைய நிரலைச் சோதிக்க அது போதும்.