‘பிதாயா வ நிஹாயா’ (தொடக்கமும் முடிவும்) என்ற எகிப்தியப் படத்தின் முடிவில் ஹசனைன் ஏன் நைலில் குதிக்கிறான்?

அக்காவைச் சாகவிட்ட குற்றவுணர்ச்சியால்தான் என்று சொல்லிவிடலாம், தப்பில்லை. ஆனால் கடைசிப் பத்து நிமிடத்தை மட்டும் வைத்து யோசித்தால், குடும்ப மானத்துக்காக இரண்டு உயிர் போன கதையாகவே தெரியும். படம் சொல்வது அதைவிடக் கொடூரமானது. அதைப் பிடிக்க, முதலிலிருந்தே யார் காசில் யார் வாழ்கிறார்கள் என்று பாருங்கள்.

எகிப்திய எழுத்தாளர் நகீப் மஹ்ஃபூஸின் 1949 நாவலை இயக்குநர் சலாஹ் அபூ சைஃப் 1960-இல் படமாக்கினார். மஹ்ஃபூஸ் நாவல்களில் முதலில் திரைக்கு வந்தது இதுதான். கதை நடப்பது 1930களின் கெய்ரோவில், ஷுப்ரா பகுதியில். குமாஸ்தாவான அப்பா திடீரென்று இறந்துபோக, சொற்பப் பென்ஷனில் அம்மாவும் நான்கு பிள்ளைகளும். மகள் நஃபீசா துணி தைத்துக் கொடுக்கிறாள். மளிகைக்கடைக்காரர் மகன் சல்மான் கல்யாண ஆசை காட்டிக் கெடுத்துவிட்டு வேறொருத்தியைக் கட்டிக்கொள்கிறான். அதற்குப் பிறகுதான் அவள் உடலை விற்கும் நிலைக்கு வருகிறாள். மகன்களில் ஹுசைன் மேற்படிப்பை விட்டுத் தந்தா நகரில் எழுத்தர் வேலைக்குப் போகிறான். மூத்தவன் ஹசன் அடியாள், போதைப்பொருள் வியாபாரி.

கடைக்குட்டி ஹசனைனை ராணுவ அதிகாரியாக்குவது இவர்கள் எல்லோருடைய பணமும்தான். பிரிட்டனுடன் எகிப்து செய்த 1936 ஒப்பந்தத்துக்குப் பிறகே சாதாரணக் குடும்பத்துப் பையன்களுக்கு ராணுவக் கல்லூரி எட்டியது. பின்னாளில் எகிப்தின் அதிபரான நாசர் சேர்ந்தது 1937-இல். அதனால் அந்தச் சீருடை ஒரு வீட்டின் மொத்த நம்பிக்கை. அதைப் போட்டதும் ஹசனைன் பழைய வீட்டுக்கும் அண்ணனின் தொழிலுக்கும் கூசுகிறான். நிச்சயித்த பஹீயாவை உதறிவிட்டுப் பணக்கார வீட்டுப் பெண்ணைத் தேடுகிறான்.

அதே சீருடையில்தான் அவனைக் காவல் நிலையத்துக்குக் கூப்பிடுகிறார்கள். சோதனையில் பிடிபட்டு அங்கே இருப்பவள் நஃபீசா. அடுத்து வரும் நைல் பாலத்துக் காட்சியில் ஒன்றைத் தவறவிடாதீர்கள்: தம்பி கையில் ரத்தம் படக்கூடாது, அவனுக்குத் தண்டனை வந்துவிடக்கூடாது என்று சாவைத் தானே ஏற்றுக்கொள்கிறாள். அதுவும் அவனுக்காக அவள் கொடுத்ததுதான். அவன் தடுக்கவில்லை. சல்மானோ எங்கோ சௌக்கியமாக இருக்கிறான். தீர்ப்புச் சொல்லும் தகுதி தனக்கு எங்கிருந்து வந்தது என்ற கேள்வி, அவள் போன பிறகுதான் ஹசனைனைப் பிடிக்கிறது. உடுப்பு, படிப்பு, பதவி எல்லாமே அவன் வெறுத்த பணத்தில் வந்தவை. அதை உணர்ந்த பிறகு அவன் திரும்பிப் போக இடமே இல்லை.

நாவல் அவனைப் பாலத்தின் ஓரத்தில், முடிவெடுத்த நிலையில் நிறுத்திவிடுகிறது. படம் குதிக்கவே வைக்கிறது. நாவலின் முடிவுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. ஆனால் ஹசனைனாக நடித்த ஒமர் ஷரீபின் முகத்தையும் அதற்கு முன் நஃபீசாவாக நடித்த சனா ஜமீலின் பார்வையையும் கண்டவர்கள் படத்தின் பக்கம் நின்றால், அதையும் மறுக்க முடியவில்லை.