பாலியில் வில்லா: அட்வான்ஸ் அனுப்பும் முன் கேட்க வேண்டியவை

கேள்வி: மே மாத விடுமுறையில் குடும்பமாக இந்தோனேசியாவின் பாலிக்குப் போகிறோம். நான், மனைவி, 4 வயது மகள், 10 வயது மகன், அப்பா (70), அம்மா (64), சித்தி (47) என ஏழு பேர். அம்மாவும் சித்தியும் சைவம். ஓட்டலில் மூன்று அறை எடுப்பதைவிட, நீச்சல் குளமும் சமையலறையும் உள்ள மூன்று படுக்கையறை வில்லா வசதி என்று ஒரு டிராவல் ஏஜென்ட் சொல்கிறார். சாங்கு பகுதியில் ஐந்து இரவுக்கு 42,500 ரூபாய். வாட்ஸ்அப்பில் எட்டுப் படங்கள் அனுப்பினார். இன்று இரவுக்குள் பாதிப் பணத்தை ஜிபேயில் அனுப்பினால்தான் இந்த ரேட் என்கிறார். சித்தி எட்டாவது வரைதான் படித்தவர். அவர் பாஸ்போர்ட்டில் 'இசிஆர்' என்று இருப்பதால் 'கிளியரன்ஸ்' வாங்க 4,500 ரூபாய் தனியாகக் கேட்கிறார். அனுப்பலாமா?

பதில்: இன்று இரவு அனுப்பாதீர்கள். ஏழு பேர் குடும்பத்துக்கு வில்லா நல்ல யோசனைதான். ஆனால் நீங்கள் எந்த வீட்டுக்குப் பணம் கட்டுகிறீர்கள் என்பது இதுவரை உங்களுக்கே தெரியாது. எட்டுப் படங்கள் இருக்கின்றன, வில்லாவின் பெயர் இல்லை. பாலியில் நடக்கும் வில்லா மோசடிகளில் பல இப்படித்தான் தொடங்குகின்றன. உண்மையான ஒரு வீட்டின் படங்களை எடுத்து, சற்றே குறைந்த விலை போட்டு, 'இன்றே கடைசி' என்று அவசரப்படுத்துவார்கள். போய் இறங்கும்போது அந்த வீட்டில் வேறு குடும்பம் இருக்கும்.

உங்கள் ஏஜென்ட் அப்படிப்பட்டவர் என்று நான் சொல்லவில்லை. நேர்மையானவராகவே இருக்கலாம். அப்படியானால் மூன்று கேள்விக்குப் பதில் சொல்ல அவருக்கு ஐந்து நிமிடம் போதும். வில்லாவின் பெயரும் கூகுள் மேப் இடக்குறியும் என்ன? பணம் எந்த நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்குப் போகிறது, அதே பெயரில் ரசீது வருமா? நாம் ரத்து செய்தால் எந்தத் தேதிவரை எவ்வளவு திரும்பும்? மூன்றும் எழுத்தில் வர வேண்டும். 'பெயரைச் சொன்னால் நீங்களே நேரடியாக புக் பண்ணிவிடுவீர்கள் சார்' என்று அவர் இழுத்தால், அவருடைய கமிஷனைத் தனியாகப் பேசிக்கொள்ளுங்கள். பெயர் தெரியாத வீட்டுக்கு மட்டும் பணம் கட்டாதீர்கள்.

பெயர் கிடைத்ததும் மேப்பில் தேடுங்கள். அங்கே சுற்றுலாப் பயணிகள் தாங்களே எடுத்துப் போட்ட படங்கள் இருக்கும். ஏஜென்ட் அனுப்பிய குளமும் அந்தக் குளமும் ஒன்றுதானா என்று ஒப்பிடுங்கள். விமர்சனங்களைப் புதியது முதலில் வரும்படி மாற்றிவிட்டுப் படியுங்கள். சாங்குவில் காலி நிலம் தெரிந்தால் கட்டடம் எழும்புகிறது. பக்கத்து மனையில் கான்கிரீட் வேலை நடந்தால் காலையிலேயே இரைச்சல் தொடங்கிவிடும். போன வருட விமர்சனத்தில் இது தெரியாது, போன மாத விமர்சனத்தில்தான் தெரியும். பிறகு மேப்பில் உள்ள வில்லாவின் எண்ணையே அழைத்து, உங்கள் தேதிகளுக்கு இந்த ஏஜென்ட் பெயரில் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். அழைப்பது ஏஜென்ட் கொடுத்த எண்ணாக இருக்கக் கூடாது.

ஜிபே விஷயத்தில் நான் கண்டிப்பாகவே இருப்பேன். யுபிஐயில் தனிமனிதரின் கைபேசி எண்ணுக்குப் போன பணத்தைத் திரும்ப வாங்குவது மிகவும் கடினம். கிரெடிட் கார்டில் கட்டினால், சேவை கிடைக்கவில்லை என்று வங்கியிடம் முறையிட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்க வழி இருக்கிறது. ஏர்பிஎன்பி போன்ற தளத்துக்குள்ளேயே கட்டினால் இன்னும் நல்லது. அங்கே நீங்கள் வீட்டுக்குள் நுழைந்து சுமார் 24 மணி நேரம் கழித்துத்தான் உரிமையாளருக்குப் பணம் விடுவிக்கப்படும். வீடு படத்தில் இருந்தது போல இல்லாவிட்டால், தெரிந்த 72 மணி நேரத்துக்குள் தளத்திலேயே படத்துடன் புகார் செய்ய வேண்டும். ஊர் திரும்பிய பிறகு புகார் செய்து பயனில்லை.

தளத்தில் பதிவு செய்த பிறகும் ஒரு வலை உண்டு. 'தளத்துக்கு வெளியே கட்டினால் 15 சதவீதம் குறைக்கிறேன்' என்று உரிமையாளர் செய்தி அனுப்புவார். அல்லது, 'உங்கள் கார்டைச் சரிபார்க்க வேண்டும், 24 மணி நேரத்துக்குள் இந்த இணைப்பைத் திறக்காவிட்டால் பதிவு ரத்தாகும்' என்று ஒரு செய்தி வரும். முதலாவதில் உங்கள் பாதுகாப்பு போய்விடும், இரண்டாவதில் உங்கள் கார்டே போய்விடும். இரண்டையும் தொடாதீர்கள். ஏற்கெனவே பணம் போய்விட்டது என்றால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

அடுத்து, சித்தியின் பாஸ்போர்ட். அந்த 4,500 ரூபாயைக் கொடுக்காதீர்கள். இதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதைச் சொல்லிப் பயமுறுத்திப் பணம் பறிப்பது நம் ஊரில் நெடுநாளாக நடக்கிறது. 'இசிஆர்' என்றால் குடியேற்றச் சோதனை தேவை என்று பொருள். பத்தாவது தேறாதவர்கள் வெளிநாட்டு வேலைக்குப் போய் ஏமாந்துவிடக் கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு இது. 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகும் இசிஆர் பாஸ்போர்ட்காரர்கள், வெளியுறவு அமைச்சகத்தின் கீழ் உள்ள புலம்பெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் அனுமதி பெற வேண்டும். இந்தோனேசியா, மலேசியா, தாய்லாந்து மூன்றும் அந்தப் பட்டியலில் உண்டு. ஆனால் உங்கள் சித்தி வேலைக்குப் போகவில்லை, சுற்றுலா போகிறார். வேலை தவிர வேறு காரணத்துக்குப் போகிறவருக்கு இந்த அனுமதி தேவையில்லை. செல்லுபடியாகும் பாஸ்போர்ட், விசா, திரும்பி வரும் டிக்கெட் மூன்றும் இருந்தால் போதும். 2007 முதல் நிலைமை இதுதான்.

ஒரு சிக்கல் மட்டும் இருக்கிறது. பாலி விமான நிலையத்தில் இறங்கியும் விசா வாங்கலாம். அப்படிப் போனால் சென்னை விமான நிலைய கவுன்ட்டரில் சித்தியின் கையில் விசா என்று காட்ட எதுவும் இருக்காது. இசிஆர் எழுத்தைப் பார்த்ததும் அதிகாரி துருவிக் கேட்கலாம். ஆகவே சித்திக்கு மட்டுமாவது இணையத்திலேயே இ-விசாவை முன்கூட்டி எடுத்து, காகிதத்தில் அச்சிட்டு, திரும்பும் டிக்கெட், வில்லா ரசீது இரண்டோடும் சேர்த்துக் கையில் வைத்திருங்கள். ஏழு பேரும் ஒரே பதிவு எண்ணில் டிக்கெட் எடுத்து, கவுன்ட்டரில் குடும்பமாகவே நில்லுங்கள். எதற்காகப் போகிறீர்கள் என்று கேட்டால், 'குடும்பத்தோடு சுற்றிப் பார்க்க' என்று சித்தி வாயாலேயே சொல்லட்டும். அம்மாவின் பாஸ்போர்ட்டிலும் அந்த எழுத்து இருந்தால் கவலைப்படாதீர்கள். 50 வயது தாண்டியவர்கள் இந்தப் பிரிவிலேயே வரமாட்டார்கள், புதுப்பிக்கும்போது நீக்கச் சொல்லிக்கொள்ளலாம். சுற்றுலா போகும் பெண்ணைத் தடுக்காத ஒரு விதியை அவர் பாஸ்போர்ட்டில் அச்சிட்டுவிட்டு, அது எதற்கு என்று அவரிடம் யாரும் ஒரு வரி சொல்வதில்லை. அந்த மௌனத்தில்தான் இடைத்தரகர் பிழைக்கிறார்.

விசாக் கட்டணம் ஆளுக்கு 5,00,000 ரூபியா, நம் பணத்தில் சுமார் 2,700 ரூபாய். 30 நாள் தங்கலாம். 4 வயது மகளுக்கும் முழுக் கட்டணம்தான். இது தவிர, 2024 பிப்ரவரி 14 முதல் பாலி மாகாணம் வெளிநாட்டுப் பயணிகளிடம் தலைக்கு 1,50,000 ரூபியா சுற்றுலா வரி வசூலிக்கிறது. அதை 'லவ் பாலி' தளத்தில் கட்ட வேண்டும். மூன்றாவதாக, 'ஆல் இந்தோனேசியா' என்ற வருகைப் படிவத்தைப் போய்ச் சேர்வதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணமே கிடையாது. ஏழு பேருக்கு விசாவும் வரியும் சேர்த்து 45,50,000 ரூபியா. உங்கள் ஏஜென்ட் சொன்ன 42,500 ரூபாயில் இது இல்லை என்பதை மறக்காதீர்கள். ஒரே தீவுக்குள் நுழைய மூன்று தளம், மூன்று படிவம். ஒன்றாக்கியிருக்கலாம், ஆக்கவில்லை. இந்தக் குழப்பத்தைப் பயன்படுத்தி, அரசுத் தளம் போலவே தோன்றும் தனியார் தளங்கள் இரண்டு மடங்கு வாங்குகின்றன. விசாவுக்கான குடியேற்றத் துறைத் தளத்தின் முகவரி 'கோ டாட் ஐடி' என்றே முடியும். தேடலில் முதலில் வரும் விளம்பரத்தைத் தொடாதீர்கள். பாஸ்போர்ட்டில் குறைந்தது ஆறு மாதம் பாக்கி இருக்க வேண்டும். பிள்ளைகளின் பாஸ்போர்ட் ஐந்து வருடத்துக்குத்தான், முதலில் அவற்றைப் பாருங்கள்.

இனி வில்லாவுக்கே வருவோம். விலையின் பின்னால் இரண்டு கூட்டல் குறி இருக்கிறதா என்று கேளுங்கள். பாலியில் அதற்குப் பொருள் 10 சதவீதம் சேவைக் கட்டணம், அதன் மேல் 10 சதவீதம் வரி, மொத்தம் 21 சதவீதம். இரவுக்கு 15,00,000 ரூபியா என்பது 18,15,000 ஆகிவிடும். ஏழு பேர் என்பதை ஒளிக்காதீர்கள். மூன்று படுக்கையறைக்குப் பெரும்பாலும் ஆறு பேர்தான் கணக்கு. ஏழாமவருக்குக் கூடுதல் மெத்தைக்கு எவ்வளவு என்று இப்போதே எழுதி வாங்கினால், வாசலில் வாக்குவாதம் இருக்காது.

உங்களுக்கு உள்ள பெரிய அபாயம் பணம் அல்ல, குளம். பாலி வில்லாக்களில் படுக்கையறைக் கண்ணாடிக் கதவைத் தள்ளினால் நாலு எட்டில் குளம் இருக்கும். வேலி இருப்பது அபூர்வம். பெரியவர் மார்பளவு, சில இடங்களில் அதற்கும் மேல் ஆழம் இருக்கும். 4 வயதுக் குழந்தை முழுகும்போது சத்தமே வராது. கழற்றி மாட்டும் வலை வேலியை வாடகைக்குத் தருபவர்கள் பாலியில் இருக்கிறார்கள். வில்லாக்காரரிடம் சொல்லி, நீங்கள் போய்ச் சேரும் முன்பே போட்டு வைக்கச் சொல்லுங்கள். முடியாது என்றால் வேறு வில்லா பாருங்கள். கதவுக்கு மேல் தாழ்ப்பாள் உண்டா என்பதை வீடியோ காலில் காட்டச் சொல்லுங்கள். கையில் மாட்டும் காற்றுப் பட்டை விளையாட்டுப் பொருள், உயிர்காக்கும் கருவி அல்ல. குளத்தருகே எந்த நேரம் யார் பொறுப்பு என்று பெரியவர்களுக்குள் முறை வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் இருக்கும்போதுதான் எல்லோரும் அடுத்தவர் பார்ப்பார் என்று விட்டுவிடுகிறோம்.

அதே வீடியோ காலில் இன்னும் சிலவற்றையும் பார்த்துவிடலாம். அப்பா, அம்மாவுக்குக் கீழ்த்தளத்தில் ஓர் அறை வேண்டும். குளியலறை பல வில்லாக்களில் கூரையில்லாமல், வழுக்கும் கூழாங்கல் தரையோடு இருக்கும். படத்தில் அழகாகத் தெரியும், இரவு இரண்டு மணிக்கு எழுந்து போகும் 70 வயதுக்காரருக்கு ஆகாது. கூடத்துக்கு நான்கு பக்கமும் சுவர் உண்டா? திறந்த கூடம் என்றால் மாலை ஆறு மணிக்கு மேல் கொசு. பாலியில் டெங்கு உண்டு. வாசல்வரை வேன் வருமா? ஏழு பேருக்கும் பெட்டிகளுக்கும் ஹையேஸ் வேன் தேவைப்படும். சாங்குவின் சந்துகளில் அது நுழையாவிட்டால், அம்மா 200 மீட்டர் நடக்க வேண்டியிருக்கும்.

உண்மையில் உங்கள் குடும்பத்துக்கு நான் சாங்குவைச் சொல்ல மாட்டேன். அது அலைச்சறுக்கு ஆடுபவர்களின் கடற்கரை. அலையும் இழுப்பும் அதிகம், சாலை நெரிசலும் அதிகம். பாலியிலேயே உள்ள சனூரில் பவளத்திட்டு அலையைத் தடுப்பதால் கடல் அமைதியாக இருக்கும், கரையோரமாகவே நெடுந்தூரம் நடைபாதை உண்டு. சின்னப் பிள்ளைகளும் பெரியவர்களும் சேர்ந்து போகிறவர்களுக்கு அதுதான் பொருத்தம்.

சமையல் பற்றி. வில்லா சமையலறையில் கேஸ் அடுப்பும் தோசைக்கல் மாதிரி ஒரு சட்டியும் இருக்கும். குக்கரும் மிக்ஸியும் இருக்காது. மூன்று லிட்டர் குக்கர் ஒன்றை விமானத்தில் சரக்குப் பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள். அரிசி, தேங்காய், கத்தரிக்காய், காராமணிக்காய் எல்லாம் அங்கேயே கிடைக்கும். சாம்பார்ப் பொடி, புளிக்காய்ச்சல் போன்றவற்றைக் கடையில் முத்திரையிட்ட பொட்டலமாகக் கொண்டுபோய், வருகைப் படிவத்தில் உணவுப் பொருள் இருப்பதை மறைக்காமல் குறிப்பிடுங்கள். பச்சைக் கறிவேப்பிலை, பழம், விதை எதுவும் வேண்டாம். சிங்கப்பூர் வழியாகப் போனால் குருமாவுக்கென்று கசகசா வைத்துவிடாதீர்கள். அங்கே அது தடை செய்யப்பட்ட பொருள். குழாய் நீரைக் குடிக்கவோ அரிசி வேகவைக்கவோ வேண்டாம். 19 லிட்டர் கேன் நீரை அங்கே 'காலோன்' என்பார்கள். உங்களுக்குச் சமையலோடு சேர்த்து ஒரு நாளைக்கு ஒன்று தேவைப்படும். வெளியே சாப்பிடும்போது, காய்கறிப் பொரியலிலும் சம்பல் என்ற மிளகாய்த் துவையலிலும் 'தெராசி' என்ற இறால் விழுது கலந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. 'தன்பா தெராசி, தன்பா இக்கான்' என்று சொல்லச் சித்திக்குக் கற்றுக்கொடுங்கள். தெராசி இல்லாமல், மீன் இல்லாமல் என்று பொருள்.

செக்யூரிட்டி டெபாசிட் எவ்வளவு என்று கேட்டுக்கொண்டு, சாவி வாங்கியதும் பெட்டியைத் திறக்கும் முன் அறை அறையாக வீடியோ எடுங்கள். நம் குடும்பங்களிடம் டெபாசிட்டில் பிடிப்பது பெரும்பாலும் வெள்ளைத் துண்டில் மஞ்சள் கறை, தலையணை உறையில் எண்ணெய், மருதாணி ஆகியவற்றுக்குத்தான். அடர்நிறத் துண்டு நாலைந்தும், தலையணைக்கு மேல் போட இரண்டு பழைய துணியும் எடுத்துப் போங்கள்.

நாளைக் காலை ஏஜென்ட்டை அழைத்து அந்த மூன்று கேள்வியையும் கேளுங்கள். சனூரில், கீழ்த்தள அறையும் குளத்துக்கு வேலியும் உள்ள வில்லா இருக்கிறதா என்பதை நான்காவதாகக் கேளுங்கள்.