காலேஜ் பார்க்க சேலம் வருகிறவர்களுக்கு: சில கேள்விகள், பதில்கள்

மகளுக்கு கருப்பூர் அரசு பொறியியல் கல்லூரி கிடைக்கும்போல் இருக்கிறது. சனிக்கிழமை காலை ஜங்ஷனில் இறங்கி, ஞாயிறு இரவு ரயில் ஏறுகிறோம். கல்லூரி, ஏற்காடு, மேட்டூர் மூன்றையும் பார்த்துவிட முடியுமா?
— ஒரு தந்தை, நாகப்பட்டினம்

ஓடினால் முடியும். ஆனால் ஊர் திரும்பியதும் பஸ் ஜன்னல்தான் ஞாபகம் இருக்கும். கல்லூரி சனிக்கிழமை, ஏற்காடு ஞாயிறு (அதைக் கீழே சொல்கிறேன்). மேட்டூரை இந்தத் தடவை விட்டுவிடுங்கள். 1934-ல் கட்டி முடித்த அணை, அடுத்த முறை வரும்போதும் அங்கேதான் இருக்கும்.

சனிக்கிழமை காலையிலேயே கல்லூரிக்குப் போய்விடுங்கள். ஞாயிற்றுக்கிழமை கேட்டில் காவலர் மட்டும்தான் இருப்பார். சனிக்கிழமையும் அலுவலகம் உண்டா என்று முந்தைய நாளே போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். ஜங்ஷன் இருப்பது சூரமங்கலத்தில். கருப்பூர் அங்கிருந்து ஓமலூர் போகும் பெங்களூரு சாலையில் இருக்கிறது. 1966-ல் தொடங்கிய கல்லூரி, மரநிழலுக்குக் குறைவில்லை. பெரியார் பல்கலைக்கழகமும் அதே சாலையில்தான். அந்தப் பக்கம் வெள்ளை வெளேரென்று மண்மேடுகள் தெரியும். அது வெள்ளைக்கல், அதாவது மேக்னசைட் வெட்டியெடுக்கும் இடம். பக்கத்து ஊருக்கே வெள்ளக்கல்பட்டி என்றுதான் பெயர். மகளிடம் காட்டுங்கள்.

விடுதிப் பெண்களைப் பார்த்தால் "சாப்பாடு எப்படிம்மா?" என்று கேட்காதீர்கள். "பரவால்லங்க" என்றுதான் பதில் வரும். "ராத்திரி பசிச்சா என்ன பண்ணுவீங்க?" என்று கேளுங்கள். விடுதியைப் பற்றித் தெரிய வேண்டியதெல்லாம் அந்தப் பதிலில் வந்துவிடும். நான் அழைத்துப்போன ஒவ்வொரு குடும்பத்துக்கும் இதைத்தான் சொல்லி அனுப்புகிறேன்.

வேலை முடிந்ததும் டவுனுக்குத் திரும்ப வேண்டாம். பாதி வழி வந்துவிட்டீர்கள், அப்படியே ஓமலூர் வழியாகத் தாரமங்கலம் போங்கள். கைலாசநாதர் கோயில், இந்தப் பகுதியை ஆண்ட கெட்டி முதலிகள் கட்டியது. மதியம் நடை சாத்தியிருப்பார்கள், நாலு மணிக்கு மேல் போனால் சரியாக இருக்கும். சிங்கத்தின் வாய்க்குள் கல் உருண்டை இருக்கிறது. விரலை விட்டு உருட்டலாம், வெளியே எடுக்க முடியாது. ராமன் மறைந்து நிற்கும் தூணிலிருந்து பார்த்தால் வாலி தெரிவான், வாலி நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் ராமன் தெரிய மாட்டான். பொறியியல் படிக்கப்போகிற பிள்ளை அந்த இரண்டு தூணுக்கும் நடுவே நாலு நடையாவது நடந்து பார்க்கட்டும்.

தட்டுவடை செட் என்கிறார்களே, அது வடையா? எங்கே நன்றாக இருக்கும்?
— மாணவி, திருநெல்வேலி

வடை இல்லை கண்ணு, தட்டை. உங்கள் ஊர்த் தட்டையைவிடச் சின்னது, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும்.

தள்ளுவண்டிக்காரர் கையைப் பார்த்துக்கொண்டே நில்லுங்கள். தட்டைகளை வரிசையாகப் பரப்புவார். ஒன்றில் புதினா, கொத்தமல்லி அரைத்த பச்சைச் சட்னி. இன்னொன்றில் மிளகாயும் பூண்டும் அரைத்த சிவப்புச் சட்னி. துருவிய பீட்ரூட், கேரட், நறுக்கிய வெங்காயம் மூன்றையும் கலந்து ஒரு சிட்டிகை எடுத்து மேலே வைத்து, இன்னொரு தட்டையால் மூடுவார். அதுதான் ஒரு செட். கடித்துக் கடித்துத் தின்னக் கூடாது, முழுசாக வாய்க்குள் போட வேண்டும். முதலில் மொறுமொறுப்பு, அடுத்து பீட்ரூட்டின் இனிப்பு, கடைசியில் பூண்டுக் காரம். தட்டில் வாங்கி வைத்துக்கொண்டு போன் பார்த்தால் நமத்துப்போய்விடும்.

இதே சாமான்களை நொறுக்கிக் கலந்து கொடுத்தால் அதற்கு நொறுக்கல் என்று பெயர். தக்காளி வில்லை வைத்தும் செட் கிடைக்கும். முதல் தடவை என்றால் சாதா செட்டே வாங்குங்கள்.

கடையின் பெயர் கேட்டு அலைய வேண்டாம். சாயங்காலம் அம்மாபேட்டை, பொன்னம்மாபேட்டை, குகை, செவ்வாய்ப்பேட்டை எங்கே போனாலும் வண்டி நிற்கும். நெசவாளர்களும் வெள்ளிப் பட்டறைக்காரர்களும் வேலை முடித்து நின்று சாப்பிடும் வண்டியாகப் பாருங்கள். தட்டை விற்க விற்கத் தீர்ந்து, புது டின் உடைக்கும் இடம் அதுதான்.

ஞாயிறு ஏற்காடு போகிறோம். சொந்தக் கார், மலையில் ஓட்டிப் பழக்கமில்லை. அம்மாவுக்கு வளைவில் வாந்தி வரும்.
— குடும்பத் தலைவி, தஞ்சாவூர்

காலை ஆறரைக்குள் அடிவாரத்தைத் தாண்டிவிடுங்கள். இதை நான் கெஞ்சியே சொல்கிறேன். ஒரு ஞாயிறு அக்கா குடும்பத்தைப் பத்து மணிக்குக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். ஏரிக்கு முன்னால் வண்டிகள் நகரவே இல்லை. இறங்கும்போது பிரேக்கை அழுத்தி அழுத்தி, பாதி மலையில் கருகல் வாடை வந்து ஓரங்கட்டினோம். அக்கா பிள்ளைகளின் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. அதனால் ஏறும்போது போட்ட கியரிலேயே இறங்குங்கள். கொண்டை ஊசி வளைவு மொத்தம் 20. வளைவில் மேலே ஏறும் வண்டிக்கு வழி விடுங்கள்.

அம்மாவை முன் சீட்டில் உட்கார வையுங்கள். வெறும் வயிறும் வேண்டாம், பொங்கலும் வேண்டாம், இரண்டு இட்லி போதும். கண்ணாடியை இறக்கிவிடுங்கள். பாதி மலைக்கு மேல் காற்றே மாறிவிடும்.

மேலே போனதும் ஏரியில் நிற்காமல் நேராகச் சேர்வராயன் கோயிலுக்குப் போங்கள். 5,300 அடிக்கு மேல், மலை உச்சியில் குகைக்குள் இருக்கிறார் சாமி. குனிந்துதான் போக வேண்டும். அந்த நேரத்தில் பனி காலைத் தடவிக்கொண்டு போகும். பிறகு பகோடா பாயின்ட், கடைசியாக லேடீஸ் சீட். கீழே சேலம் முழுவதும் விரிந்து கிடக்கும். கிளியூர் அருவி மழைக்குப் பிறகுதான் அருவி, இறங்கி ஏறும் படிகள் அம்மாவுக்கு ஆகாது. சாப்பாட்டுக்கு மேலே பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். ஏரிக்கரையில் சூடாக மிளகாய் பஜ்ஜி, ஒரு காபி. காபி இந்த மலையிலேயே விளைவது. 1820களில் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்த பயிர்.

கூட்டம் அதிகமானால் குப்பனூர் வழியாக இறங்கலாம். மழைக்காலத்தில் அந்தப் பாதை திறந்திருக்கிறதா என்று உள்ளூர்க்காரரிடம் கேட்டுவிட்டு வண்டியைத் திருப்புங்கள். பழைய வழியே இறங்கினால், ஊருக்குள் வரும்போது சாலையோரம் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு நிற்கும். நூறு படங்களுக்கு மேல் எடுத்த ஸ்டுடியோவில் மிஞ்சியது அந்த வாசல்தான். மலையாளத்தின் முதல் பேசும் படமும் இவர்கள் எடுத்ததே. பெரியவர்கள் கூட வந்தால் ஒரு நிமிடம் நிறுத்துங்கள்.

அசைவம்?
— வாசகர், கும்பகோணம்

மதியம், மெஸ்ஸில். பன்னிரண்டரைக்கே போய்விடுங்கள், இரண்டு மணிக்கு மேல் நல்ல கறி இருக்காது. பள்ளிபாளையம் சிக்கன் பக்கத்து நாமக்கல் மாவட்டத்துச் சரக்கு. காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய்ப் பல் மூன்றும் கண்ணுக்குத் தெரிந்தால்தான் அது பள்ளிபாளையம். கெட்டியான மசாலாவில் வந்தால் அது வேறு எதுவோ.

வாங்கிப்போக என்ன இருக்கிறது?
— இல்லத்தரசி, காரைக்குடி

ஏப்ரல் முதல் ஜூன் வரை என்றால் மல்கோவாவும் இமாம் பசந்தும். அழுத்திப் பார்க்காமல் காம்போரம் மோந்து பார்த்து வாங்குங்கள். மற்ற மாதங்களில் ஜவ்வரிசி. மகளுக்குக் கொலுசு வேண்டுமென்றால் செவ்வாய்ப்பேட்டை, ஆனால் ஞாயிறு நம்பிப் போகாதீர்கள்.

ஞாயிறு மாலை ரயிலுக்கு முன் மூன்று மணி நேரம் இருக்கிறது. மாமியாருக்கு முழங்கால் வலி.
— வாசகி, விருத்தாசலம்

சுகவனேசுவரர் கோயில். மலையும் இல்லை, ஏற்றமும் இல்லை. கிளி முகம் கொண்ட சுகர் வழிபட்ட இடம் என்பார்கள். அருணகிரிநாதரின் திருப்புகழ் பெற்ற முருகன் உள்ளே இருக்கிறார். பிறகு ஆட்டோவில் கோட்டை மாரியம்மன். ஆடி மாதம் என்றால் மட்டும் அந்தப் பக்கம் வேண்டாம், கூட்டத்தில் மாமியாரை நிற்க வைக்க முடியாது.

கிளம்புமுன் டிக்கெட்டை எடுத்துப் பாருங்கள். சேலம் டவுன் ஸ்டேஷன் வேறு, ஜங்ஷன் வேறு. விருத்தாசலம் வண்டி என்றால் டவுனிலேயே ஏறலாம், கோயிலிலிருந்து அதுதான் கிட்டம்.