விடுதலைப் பத்திரமும் கிருபையும்

அன்புள்ள ஐயாவுக்கு,

திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு கிராமத்தில் ஆசிரியையாக இருக்கிறேன். எங்கள் சபையில் பதினோரு வருஷமாக ஓய்வுநாள் பள்ளி நடத்துகிறேன். அப்பா உயில் எழுதாமல் இறந்தார். அடுத்த மாதமே அண்ணன் 'பேங்க் லோனுக்கு' என்று சொல்லி என்னைப் பத்திர ஆபீசுக்குக் கூட்டிப்போய்க் கையெழுத்தும் கைரேகையும் வாங்கினார். துக்கத்தில் நான் எதையும் படித்துப் பார்க்கவில்லை. அது சொத்தில் என் பங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் என்று ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. ஒன்பது வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. இப்போது அண்ணனுக்கு இரண்டு கிட்னியும் போய், டயாலிசிஸுக்காகத் தஞ்சாவூருக்கு அலைகிறார்.

போன மாதம் பக்கத்து வீட்டு அக்காவிடம் (அவர்கள் சைவர்கள்) இயேசு பாவிகளை மன்னித்ததையும் கிருபையையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். பூக் கட்டிக்கொண்டே கேட்டவர், "எல்லாம் சரிதான் டீச்சர். நீங்க இன்னும் உங்க அண்ணனைப் போய்ப் பார்க்கலையே?" என்றார். பதில் வராமல் எழுந்து வந்துவிட்டேன். இரண்டு வாரமாக ஓய்வுநாள் பள்ளிக்கும் போகவில்லை. கிருபையைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? போய்ப் பார்த்தால் அவர் செய்தது சரி என்று ஆகிவிடாதா?

பெயர் வேண்டாம்,
திருத்துறைப்பூண்டி

*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று நாள் மேஜையிலேயே வைத்திருந்தேன். முதலில் அந்த அக்காவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவர் கேட்டதை நீங்கள் குத்தலாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நீங்கள் சொன்னதை அவர் நம்பிக் கேட்டிருக்கிறார், அதனால்தான் அடுத்த கேள்வி வந்தது. வெறும் கதையாகக் கேட்டிருந்தால் தலையாட்டிவிட்டுப் பூவைப் பார்த்திருப்பார். கிருபை என்று ஒன்று உண்டென்றால் அது நம் தெருவில், இந்த வீட்டில், எப்படி நடக்கும் என்று கேட்கிறார். பதினோரு வருஷத்தில் உங்களிடம் யாரும் இவ்வளவு அக்கறையாகக் கேட்டிருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

இன்னொன்று. புராட்டஸ்டண்டுகள் நாம் கிருபை என்போம், கத்தோலிக்கர்கள் அருள் என்பார்கள். வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள் 'அருள் நிறைந்த மரியே' என்று சொல்லிக்கொண்டு போவதை அந்த அக்கா கேட்டிருப்பார். அவர் கோயிலில் தினமும் புழங்குவதும் அருள் என்ற சொல்தான். அடுத்த முறை அந்தச் சொல்லிலேயே பேசுங்கள். பாதி தூரம் குறைந்துவிடும்.

இப்போது பத்திரம். இதைச் சுற்றி வளைக்காமல் சொல்ல வேண்டும். உங்கள் அண்ணன் செய்தது மோசடி. 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, கிறிஸ்தவக் குடும்பத்தில் உயில் இல்லாமல் தகப்பன் போனால் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. ஆனால் டெல்டாவில் எத்தனையோ வீடுகளில் பெண்ணிடம் கையெழுத்து வாங்குவதற்கு நம் வேதத்திலிருந்தே வசனம் எடுக்கிறார்கள். 'விட்டுக்கொடும்மா, கர்த்தர் பார்த்துக்கொள்வார்' என்பார்கள். அண்ணனுக்கு யாரும் அப்படிச் சொல்வதில்லை. கிருபையை இப்படிப் பெண்கள் மேல் சுமையாக ஏற்றுகிறவர்களைக் கண்டால் எனக்கு இந்த வயதிலும் கோபம் வருகிறது. ஒருவர் தாமாகக் கொடுத்தால்தான் அது கிருபை. இன்னொருவர் கேட்டு வாங்கினால் அதற்கு வேறு பெயர்.

அதனால் ஒரு வக்கீலைப் பாருங்கள். பத்திரத்தை ரத்து செய்யக் கேட்பதற்கு, ஏமாற்று தெரியவந்த நாளிலிருந்து மூன்று வருஷம்தான் கெடு. உங்களுக்கு அது தாண்டிவிட்டது போலிருக்கிறது. தாண்டியிருந்தால் அந்தக் கதவு மூடியாயிற்று. பிறகு உங்கள் பங்கு திரும்பி வர ஒரே வழி அண்ணனுடைய மனசாட்சிதான். இதை மனதில் வைத்துக்கொண்டு, வேதத்தில் வரும் வரி வசூலிக்கும் சகேயுவின் கதையை மறுபடி படியுங்கள். பிள்ளைகளுக்கு எத்தனை முறை சொல்லியிருப்பீர்கள், அத்திமரத்தில் ஏறிய குள்ளன் என்று! அதில் எது முதலில், எது பிறகு என்று மட்டும் பாருங்கள். இயேசு அவன் வீட்டுக்குள் நுழைந்தபோது சகேயு ஒரு காசைக்கூடத் திருப்பிக் கொடுத்திருக்கவில்லை. ஊரே முறுமுறுத்தது. அநியாயமாய் வாங்கினதை நாலு மடங்காகத் தருகிறேன் என்று அவன் எழுந்து நின்று சொன்னது அதற்குப் பிறகு. அப்படிச் சொன்னபோது, 'வேண்டாம், மன்னித்தாயிற்று, நீயே வைத்துக்கொள்' என்று இயேசு சொல்லவில்லை. கிருபை நியாயத்தை ரத்து செய்யவில்லை, அதற்கு முன்னால் வீட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

இதை நான் வேதாகமக் கல்லூரியில் படிக்கவில்லை. எழுபதுகளில் மாயவரத்துக்குக் கிழக்கே எங்கள் கிராமத்தில், நடவு முடிந்து வரும் பெண்களுக்கு அம்மா சாயங்காலம் வேதம் வாசித்துக் காட்டுவாள். காலில் சேற்றுப்புண்ணுக்கு வேப்பெண்ணெய் தடவிக்கொண்டே கேட்பார்கள். ஒரு நாள் திராட்சத்தோட்டக் கூலிக்காரர் உவமை. விடியலில் வந்தவனுக்கும் ஒரு பணம், பொழுது சாய வந்தவனுக்கும் ஒரு பணம். வாசித்து முடிக்கும் முன்பே ஒரு பெண் பிடித்துக்கொண்டாள். "இது என்னங்கம்மா நியாயம்? காலையிலேருந்து குனிஞ்சவளுக்கு வயிறு எரியாதா?" அம்மா திணறினாள். சுவரில் சாய்ந்திருந்த ஒரு கிழவிதான் பதில் சொன்னாள். "காலையில வந்தவளுக்குப் பேசுன கூலியில குறைச்சானா? இல்லைல்ல? கடைசியா வந்தவளும் ராத்திரிக்கு உலை வைக்கணும்ல?"

அந்த உவமையைப் பற்றி எத்தனையோ பிரசங்கங்கள் கேட்டுவிட்டேன். அந்தக் கிழவி சொன்னதைத் தாண்டி யாரும் எனக்குச் சொல்லவில்லை. பேசின கூலியில் பிடித்தம் இல்லை. அதற்கு மேலே கொடுப்பது தோட்டக்காரன் தன் கையிலிருந்து கொடுப்பது. உங்கள் அண்ணன் செய்தது இதற்கு நேர்மாறு, உங்கள் கூலியிலிருந்து எடுத்துத் தனக்குத் தானே தாராளம் காட்டிக்கொண்டார். கூலி என்றால் என்ன என்று நம் மண்ணுக்குத் தெரியும். கூலி நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கேட்ட விவகாரம் முற்றித்தான் 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்துபோனார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். கிறிஸ்து பிறந்தார் என்று நாங்கள் பாடிக்கொண்டிருந்த இரவு அது. அதனால்தான் கூலியையும் பங்கையும் பேசாமல் கிருபையை மட்டும் பேசுகிறவர்களிடம் என்னால் உட்கார முடிவதில்லை.

சரி, போய்ப் பார்த்தால் அவர் செய்தது சரி என்று ஆகிவிடாதா என்கிறீர்கள். என் அம்மா செய்ததைச் சொல்கிறேன்.

அம்மாவின் அண்ணன், என் மாமா, பொதுவில் இருந்த தென்னந்தோப்பைத் தன் பேருக்கு மாற்றிக்கொண்டார். ஏழெட்டு வருஷம் இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து இல்லை. பிறகு மாமாவுக்கு ஒரு பக்கம் வாதம் இழுத்துவிட்டது. செய்தி வந்த மறுநாள் அம்மா கஞ்சி வைத்து எவர்சில்வர் தூக்கில் ஊற்றி எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நானும் கூடப் போனேன். வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தாள். அது பாசத்தில் வந்த அழுகை இல்லை, கோபம் தாளாமல் வந்தது. வாசலில் நின்ற அத்தை 'வா' என்று சொல்லவில்லை. அம்மா தூக்கைத் திண்ணையில் வைத்துவிட்டுத் திரும்பிவிட்டாள்.

சாயங்காலம் மாமாவின் கடைசிப் பெண் தூக்கைக் கொண்டுவந்தாள். புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று இருந்தது. உள்ளே ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை. பாத்திரத்தை வெறுமனே அனுப்பக்கூடாது என்பது நம் வீடுகளில் வழக்கம்தானே? ஆனால் அம்மா அந்தக் கீரையை மடியில் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். மறுநாளும் கஞ்சி போயிற்று. தூக்கில் இரண்டு எலுமிச்சம்பழம் வந்தது. எத்தனை நாள் அப்படி நடந்தது என்று நான் எண்ணவில்லை. ஒரு நாள் அத்தை, "உள்ளாறதான் வாயேன்" என்றாள்.

தோப்பு திரும்பி வரவில்லை. அம்மா கேட்பதை விடவும் இல்லை. மாமாவுக்கு வாய் துடைத்துவிட்டுக்கொண்டே, "அண்ணே, தோப்புல என் பங்கு இன்னும் இருக்கு, மறந்துடாதே" என்பாள். மாமா கண்ணை மூடிக்கொள்வார். அம்மா கஞ்சியை ஊட்டுவாள். இரண்டும் ஒரே கையால் நடந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். அண்ணன் செய்தது சரி என்று அம்மா ஒரு நாளும் சொன்னதில்லை. எந்தப் பத்திரத்திலும் கையெழுத்துப் போடவும் இல்லை. ஆனால் தன் அண்ணன் பசியோடு படுத்திருக்கத் தான் வீட்டில் இருப்பதில்லை என்று முடிவு செய்திருந்தாள்.

ஓய்வுநாள் பள்ளியை நிறுத்தியது தப்பு என்றுதான் சொல்வேன். யோக்கியதை வந்த பிறகு சொல்லலாம் என்று நம் முன்னோர் காத்திருந்தால் 1706-ல் புராட்டஸ்டண்ட் மிஷனரிகளோடு தரங்கம்பாடியில் இறங்கிய செய்தி அந்தக் கடற்கரையிலேயே நின்றிருக்கும். தஞ்சாவூர் சபையையே எடுத்துக்கொள்ளுங்கள். சாதி சாதியாகப் பிரிந்து உட்கார்ந்து ஆராதித்த சபை அது. 1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி உடனே ஒழிய வேண்டும் என்று எழுதியபோது பெரும் கலகமே ஆயிற்று. வேதநாயக சாஸ்திரியார், நாம் இன்றும் உருகிப் பாடும் கீர்த்தனைகளைத் தந்தவர், அவரும் சாதி வழக்கத்தை விட மறுத்த பக்கத்தில்தான் நின்றார். எனக்கு அது ஆறாத வலி. ஆனாலும் அவர் பாட்டில் வந்த செய்தி, அவர் தம் பக்கத்தில் உட்கார விடாத மனிதர்களின் பேரப்பிள்ளைகளிடமும் வந்து சேர்ந்தது. நீங்கள் வகுப்புக்குப் போங்கள். பிள்ளைகளிடம் மறைக்கவும் வேண்டாம். 'மன்னிப்பது டீச்சருக்கே இன்னும் கஷ்டமாக இருக்கிறது, எனக்காக ஜெபம் பண்ணுங்கள்' என்று சொல்லுங்கள். பிள்ளைகள் அதை மறக்க மாட்டார்கள்.

அந்த அக்கா நம் மார்க்கத்துக்கு வருவாரா மாட்டாரா என்ற கணக்கையும் விட்டுவிடுங்கள். ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் தஞ்சாவூரில் இருந்தபோது, 1780-களின் தொடக்கத்தில், ஹைதர் அலியோடு நடந்த போரில் கோட்டை பட்டினியில் தவித்தது. அரசாங்கம் பணம் தரும் என்ற நம்பிக்கை போய் விவசாயிகள் நெல்லைக் கொண்டுவர மறுத்தார்கள். 'பணத்துக்கு நான் பொறுப்பு' என்று ஐயர் வாக்குக் கொடுத்த பிறகுதான் நெல் வந்தது. பேசின பணத்தைக் கொடுக்கிற மனிதர் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அவர் பிள்ளை போல் பார்த்துக்கொண்ட தஞ்சாவூர் சரபோஜி மன்னர் கடைசிவரை தம் மார்க்கத்திலேயே இருந்தார். 1798-ல் ஐயர் இறந்த பிறகு லண்டனில் பளிங்குச் சிற்பம் செய்வித்து வரவழைத்தார். படுக்கையில் ஐயர், அருகில் அவர் கையைப் பிடித்தபடி மன்னர். தஞ்சாவூர் சிவகங்கைத் தோட்டத்துத் தேவாலயத்தில் இன்றும் இருக்கிறது. டயாலிசிஸுக்காக அண்ணனோடு தஞ்சாவூர் போகும் நாள் வந்தால், காத்திருக்கும் நேரத்தில் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் அந்த அக்காவையே துணைக்குக் கூப்பிடுங்கள். கேட்டவர் அவர்தானே, வருவார். ஒன்றே ஒன்று: நோயாளியைப் பார்க்கப் போகிறோம் என்று இளநீரும் வாழைப்பழமும் வாங்கிக்கொண்டு போய்விடாதீர்கள். டயாலிசிஸில் இருப்பவர்களுக்குப் பொட்டாசியம் கூடினால் ஆபத்து, தண்ணீருக்கும் அளவு உண்டு. டாக்டர் என்ன கொடுக்கச் சொல்லியிருக்கிறார் என்று அண்ணிக்கு போன் போட்டுக் கேளுங்கள். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு அந்த வீட்டோடு நீங்கள் பேசும் முதல் பேச்சு அதுவாகவே இருக்கட்டும்.

அன்புடன்.