கம்பெனி சர்வீஸ் பதிவு பாதியில் நின்றுபோன 2016 ஸ்விஃப்ட் டீசலை வாங்கலாமா?

நீங்கள் சொன்ன விவரம்: 2016 மாடல் ஸ்விஃப்ட் டீசல், ஒரே ஓனர், மீட்டரில் 82,000 கிலோமீட்டர். கம்பெனி சர்வீஸ் பதிவு 2019-ல், 38,000 கிலோமீட்டரோடு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு ஒரு பில் கூட இல்லை. "வெளியில நம்ம மெக்கானிக்கிட்டதான் விட்டோம்" என்கிறார் ஓனர்.

என் பதில்: பில் இல்லாததற்காக இந்த வண்டியை ஒதுக்க வேண்டாம். ஆனால் அந்த மெக்கானிக் யார் என்று அவரால் சொல்ல முடியாவிட்டால் ஒதுக்கிவிடுங்கள்.

நம் ஊரில் ஃப்ரீ சர்வீஸ் முடிந்து வாரண்டியும் தீர்ந்த பிறகு கம்பெனிக்குப் போகிறவர்கள் குறைவுதான். லேபர் சார்ஜைப் பார்த்துவிட்டுத் தெருமுனை மெக்கானிக்கிடம் வந்துவிடுவார்கள். அவர் பில் தரமாட்டார், கார்டுபோர்டு அட்டையில் கணக்கெழுதிக் காட்டுவார். ஆக, மூன்றாவது வருடத்துக்கு மேல் பதிவு இல்லாதது சகஜம். வாரண்டி காலத்துக்குள்ளேயே இடைவெளி விழுந்திருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும். வாரண்டி இருக்கும்போது ஒருவர் ஏன் வெளியே போகவேண்டும்?

நான் இப்போது ஓட்டுகிற வண்டியும் பதிவு பாதியில் நின்றதுதான். ஓனரிடம் மெக்கானிக் நம்பர் வாங்கி, கடைக்கே நேரில் போனேன். வண்டி நம்பரைச் சொன்னதும் அவர் அலுத்துக்கொண்டார்: "அவரா? ஆயில் டப்பாவை அவரே வாங்கிட்டு வந்து பக்கத்துல நிப்பாரு தம்பி. வேற ஆயில் ஊத்திடுவேனோன்னு பயம்." எனக்கு அந்தப் புலம்பலே போதுமானதாக இருந்தது. நல்லபடியாகச் சொல்லச் சொல்லி ஓனரே சொல்லிக்கொடுத்திருந்தால் இப்படி எரிச்சலோடு வந்திருக்காது.

இன்னொன்றும் கேட்டுப் பாருங்கள். 2019-க்குப் பிறகு பெரும்பாலானோர் மெக்கானிக்குக்கும் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கும் ஜிபே, போன்பே என்றுதான் பணம் போடுகிறார்கள். ஓனர் தன் போனில் அந்தப் பெயரைத் தேடினால் எந்தெந்த மாதம் எவ்வளவு போனது என்று வரிசையாக வரும். வருடத்துக்கு ஒன்றாவது இருந்தால் ஆயில் மாறியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். பேட்டரி வாரண்டி கார்டு, டயர் பில் ஆகியவற்றிலும் தேதியும் சில சமயம் கிலோமீட்டரும் இருக்கும்.

அடுத்து மீட்டர் கணக்கு. முதல் மூன்று வருடத்தில் 38,000, அதாவது வருடத்துக்குச் சுமார் 13,000. அதற்குப் பிறகு ஆறேழு வருடம் சேர்த்து 44,000தான். கொரோனா இரண்டு வருடத்தை விழுங்கியிருக்கும், அது நியாயம். ஆனாலும் அதிகம் ஓட்டுகிறவர்கள்தான் டீசல் வாங்குவார்கள். ஓட்டம் ஏன் பாதியாகக் குறைந்தது என்று சாதாரணமாகக் கேளுங்கள். ரிட்டயர் ஆனார், வேலை மாறியது, வீட்டில் இன்னொரு வண்டி வந்தது என்று ஏதாவது காரணம் இருக்கும். டயரையும் பாருங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 3216 என்றால் 2016-ன் 32வது வாரம் தயாரானது. முதல் செட் டயர் எப்போது மாறியது, இப்போதிருப்பது எத்தனையாவது செட் என்று கேட்டால் 82,000 உண்மையா என்பது ஓரளவு தெரிந்துவிடும். ஸ்டெப்னி டயரின் தேதி பெரும்பாலும் வண்டியின் வயதையே சொல்லும்.

இப்போது இன்ஜின். இந்தக் கேள்வியில் எல்லாரும் விட்டுவிடுகிற இடம் இதுதான். ஸ்விஃப்டில் இருப்பது ஃபியட்டிடமிருந்து வந்த 1.3 லிட்டர் மல்டிஜெட், 1248 சிசி. டாடா இண்டிகா விஸ்டாவிலும் இதே இன்ஜின் வந்தது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது மாருதி டீசலையே கைவிட்டது, ஆனாலும் பார்ட்ஸுக்கும் மெக்கானிக்குக்கும் இன்னும் பஞ்சமில்லை. வால்வும் பிஸ்டனும் ஒன்றோடொன்று நேரம் தப்பாமல் இயங்க வைக்க இதில் டைமிங் பெல்ட் கிடையாது, செயின். "செயின்னா ஆயுசுக்கும் மாத்த வேண்டாம்" என்று புரோக்கர் சொல்வார். அது ஆயில் நேரத்துக்கு மாறியிருந்தால்தான். செயினை இழுத்துப் பிடிக்கிற டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்வது. 10,000 கிலோமீட்டருக்கு மாற்றவேண்டிய ஆயிலை 20,000 வரை இழுத்தால் ஆயில் கெட்டியாகி, டென்ஷனர் தளர்ந்து, செயின் நீளும். அது பல் தாண்டினால் வால்வும் பிஸ்டனும் மோதும். அப்புறம் செலவு இன்ஜின் அளவுக்குப் போகும். டர்போவுக்கும் இதே ஆயில்தான்.

அதனால் வண்டியைக் காலையில், இன்ஜின் முழுக்க ஆறியிருக்கும்போது பாருங்கள். நீங்கள் போவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். பானெட்டைத் திறந்து வைத்து இன்னொருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். முதல் சில நொடிகளில் இன்ஜினின் ஒரு பக்கத்திலிருந்து சங்கிலி உரசுகிற மாதிரி கலகலச் சத்தம் வந்து, அடங்காமல் நீண்டால் மெக்கானிக் பார்க்காமல் முன்பணம் தரவேண்டாம். கூலன்ட் டப்பாவில் நிறமே இல்லாமல் வெறும் தண்ணீர் இருந்தால், அதுவும் போர் தண்ணீராக இருந்தால், ரேடியேட்டருக்குள் உப்பு படிந்திருக்கும். சாவியைத் திருப்பும்போது செக் இன்ஜின் விளக்கு எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் விளக்கு கெட்டிருக்கலாம், அல்லது யாரோ அதைப் பிடுங்கி வைத்திருக்கலாம்.

இதே இடைவெளி ரெனோ டஸ்டர் டீசலில் இருந்திருந்தால் என் பதில் வேறு. அதில் டைமிங் பெல்ட், கெடு வந்ததும் மாற்றியே ஆகவேண்டும். மாற்றியதற்கு பில் இல்லாவிட்டால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ள வேண்டும். அந்தச் செலவை விலையில் கழித்தால்தான் பேச்சே.

தண்ணீர் விஷயம் மறக்கவேண்டாம். பதிவு இல்லாத வருடங்களுக்குள் 2023 டிசம்பர் வருகிறது: சென்னையில் மிக்ஜாம் புயல், இரண்டு வாரத்தில் தூத்துக்குடி, நெல்லை வெள்ளம். அப்போது வண்டி எங்கே நின்றது என்று கேளுங்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், சேற்றுக் கறை அடியில்தான் இருக்கும். சீட் ரெயில் துரு, டிக்கியில் ஸ்டெப்னிக் குழியில் மண் படிவு, மழைக்காலம் இல்லாதபோதும் ஈர வாடை ஆகியவற்றையும் கவனியுங்கள்.

சர்வீஸ் புத்தகம் சொல்லாததை இன்ஷூரன்ஸ் பாலிசி சொல்லும். ஓனரிடம் கடைசி சில வருடப் பாலிசிகளைக் கேட்டு 'நோ க்ளெய்ம் போனஸ்' (க்ளெய்ம் கேட்காத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) சதவீதத்தைப் பாருங்கள். அது 20, 25, 35, 45, 50 என்று வருடத்துக்கு ஒரு படியாக ஏறும். ஒரே ஓனர், ஒரு க்ளெய்மும் இல்லை என்றால் இப்போது 50-ல் இருக்கவேண்டும். 25-ல் நிற்கிறது என்றால் இரண்டு மூன்று வருடத்துக்கு முன்பு ஏதோ நடந்திருக்கலாம். அது பம்பர் கீறலா, வெள்ளமா என்று கேட்கலாம். பாலிசி 90 நாளுக்கு மேல் புதுப்பிக்காமல் விட்டிருந்தாலும் போனஸ் போய்விடும், எனவே அவசரப்பட்டுக் குற்றம் சாட்டவேண்டாம்.

எல்லாம் ஓரளவு சரியாக வந்தால் விலைக்கு வாருங்கள். முழுப் பதிவு உள்ள வண்டியின் விலையை இதற்குக் கொடுக்காதீர்கள். எல்லா ஆயிலும், எல்லா ஃபில்டரும், கூலன்ட், பிரேக் ஆயில், கிளட்ச் நிலை ஆகியவற்றுக்கு உங்கள் மெக்கானிக்கிடம் எஸ்டிமேட் வாங்கி, அந்தத் தாளையே ஓனர் முன்னால் வையுங்கள். "சும்மா குறைங்க சார்" என்பதைவிட அதற்கு மதிப்பு அதிகம். வாங்கியதும் அந்த வேலைகளை உண்மையிலேயே செய்துவிடுங்கள்; பழைய ஆயில் எப்போது மாறியது என்ற ஆராய்ச்சி அதோடு முடிந்தது.

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். லோன் இருந்திருந்தால் பாக்கி இல்லை என்ற பேங்க் சான்றும் (என்.ஓ.சி.), ஆர்.சி. புத்தகத்தில் லோனை நீக்கும் படிவம் 35-ம் வேண்டும். பேர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-ல் கையெழுத்து வாங்கிக்கொண்டு பேர் மாற்றத்தை நீங்களே முன்னின்று முடியுங்கள். வாங்கியவருக்கு 30 நாள் கெடு. நிலுவையில் உள்ள இ-சலான்களை (போக்குவரத்து அபராதங்களை)ப் பணம் தருவதற்கு முன்பே கட்டச் சொல்லுங்கள். பாலிசியை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். அவருடைய போனஸ் அவரோடு போய்விடும், வண்டியோடு வராது. அதனால் பிரீமியத்தில் ஒரு வித்தியாசம் கட்டவேண்டி வரும், அதையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.