மிமி பார்க்கரின் டிரம் – கடிதம்

வணக்கம்,

அமெரிக்காவின் லோ இசைக்குழுவைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் அவர்களைக் கேட்க ஆரம்பித்தேன். 1994-இல் வந்த ‘ஐ குட் லிவ் இன் ஹோப்’ தொகுப்பை நைட் ஷிஃப்ட் முடிந்து வரும் பஸ்ஸில் தினமும் கேட்கிறேன். அடுத்து 2018-இன் ‘டபுள் நெகட்டிவ்’ கேட்டபோது ஹெட்போன் போய்விட்டதோ என்று கழற்றிப் பார்த்தேன். ஒரே இரைச்சல். அவ்வளவு மென்மையாகப் பாடியவர்கள் ஏன் இப்படி மாறினார்கள்? மிமி பார்க்கரின் குரல் அழகு. ஆனால் அவர் வாசித்த டிரம்மை யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம் இல்லையா? தொகுப்புகளை எந்த வரிசையில் கேட்பது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

விடிகாலை பஸ்ஸில் அந்த முதல் தொகுப்பைக் கேட்கிறீர்கள் என்பது எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? அதைக் கேட்க அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. வரிசை கேட்டிருக்கிறீர்கள். எந்த வரிசையிலும் கேளுங்கள், அது ஒரு விஷயமே இல்லை.

ஆனால் அந்த ‘யார் வேண்டுமானாலும்’ என்ற வார்த்தையைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. 2022 நவம்பரில் மிமி புற்றுநோயால் இறந்ததிலிருந்து இதுதான் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. அஞ்சலி எழுதியவர்களில் பலர் அவர் குரலைக் கொண்டாடினார்கள். கைகளைப் பற்றி ஒரு வரி எழுதியவர்கள் குறைவு.

அவர் முன்னால் இருந்தவை என்னென்ன? ஸ்னேர் என்ற சின்ன டிரம் ஒன்று, ஃப்ளோர் டாம் என்ற பெரிய டிரம் ஒன்று, சிம்பல் என்ற உலோகத் தட்டு ஒன்று. காலால் மிதிக்கும் பேஸ் டிரம் கிடையாது. நின்றுகொண்டே, பெரும்பாலும் குச்சிக்குப் பதில் பிரஷ்ஷால் வாசிப்பார். இதைப் பார்த்ததும் எளிது என்று தோன்றிவிடுகிறது.

காலேஜ் ஹாஸ்டலில் எங்களுக்கு ஒரு டிரம்மர் நண்பன் இருந்தான். எவ்வளவு வேகமான பாட்டையும் அசராமல் வாசிப்பான். ஒருநாள் லோவின் ‘வேர்ட்ஸ்’ பாட்டைப் போட்டுவிட்டு, அப்புறம் அதே வேகத்தில் வாசிக்கச் சொன்னோம். முதல் சில அடிகள் சரியாக விழுந்தன. ஒரு நிமிடத்துக்குள் கை முந்த ஆரம்பித்தது. திரும்பத் திரும்ப முயன்றான். இரண்டு அடிகளுக்கு நடுவே இருந்த இடத்தை அவனால் சும்மா விடமுடியவில்லை, ஏதாவது ஒரு சின்ன தட்டு உள்ளே வந்து விழுந்துகொண்டே இருந்தது. கடைசியில் குச்சியைக் கட்டில்மேல் வைத்துவிட்டு, “இந்தப் பொம்பளைக்கு நரம்பு இரும்புடா” என்றான்.

வேகமாக வாசிக்கும்போது சின்னப் பிசகு கூட்டத்தோடு கரைந்துவிடும். மெதுவாக வாசிக்கும்போது ஒவ்வொரு அடியும் தனியாக நிற்கும். மிமி அதை வாசித்துக்கொண்டே பாடவும் செய்தார். அதுவும் குழுவில் கிட்டார் வாசித்துப் பாடிய தன் கணவர் அலன் ஸ்பார்ஹாக்கின் குரலோடு மூச்சுக்கு மூச்சு இணைந்து. யார் வேண்டுமானாலும் செய்யக்கூடியதா இது? நாளைக்கு ஒரு மேஜையைத் தட்டிக்கொண்டு ‘வேர்ட்ஸ்’ முழுவதையும் பாடிப் பாருங்கள், அப்புறம் பேசலாம்.

அவர்கள் தொடங்கியது 1993-இல், மினசோட்டாவின் டுலூத்தில். கிரஞ்ச் என்ற இரைச்சலான ராக் இசை அமெரிக்காவை அதிரவைத்துக்கொண்டிருந்த சமயம். பார்களில் கூட்டம் பேசிக்கொண்டே இருந்தால் இவர்கள் சத்தத்தைக் கூட்டமாட்டார்கள், இன்னும் குறைப்பார்கள். அதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! அந்தத் துணிச்சல்தான் பின்னால் இரைச்சலாகவும் வந்தது. 2005-இல் டேவ் ஃப்ரிட்மன் தயாரித்த ‘தி கிரேட் டிஸ்ட்ராயர்’ தொகுப்பிலேயே கிட்டார் உறும ஆரம்பித்துவிட்டது. 2007-இன் ‘டிரம்ஸ் அண்ட் கன்ஸ்’ பெரும்பாலும் இயந்திரத் தாளம். 2018-க்கு ஒரேயடியாகத் தாவிவிட்டு அதிர்ச்சி அடைந்தால் எப்படி?

1996-இலேயே ‘டூ யூ நோ ஹவ் டு வால்ட்ஸ்’ என்று பதினான்கு நிமிடப் பாட்டு ஒன்று செய்தார்கள். 2013-இல் மினியாபொலிஸில் ‘ராக் த கார்டன்’ விழாவில் மேடையேறி அந்த ஒரே பாட்டை 27 நிமிடம் வாசித்துவிட்டு இறங்கிப் போனார்கள். கூட்டத்தில் பலருக்குக் கோபம். அந்தப் பதிவைக் கேளுங்கள். கிட்டார் பொங்கி எழுந்து எல்லாவற்றையும் மூடும்போதும் அடியில் அந்த டிரம் அவசரப்படாமல் போய்க்கொண்டிருக்கும். அந்த நிதானம் இருந்ததால்தான் மேலே எவ்வளவு இரைச்சலையும் ஏற்ற முடிந்தது.

‘டபுள் நெகட்டிவ்’வில் தயாரிப்பாளர் பி.ஜே. பர்ட்டனோடு சேர்ந்து அந்த டிரம்மையே கரைத்துவிட்டார்கள். துடிப்பு மட்டும் மிஞ்சியிருக்கிறது. ‘ஃப்ளை’ பாட்டை மட்டும் தனியாகக் கேளுங்கள். சுற்றிலும் எல்லாம் கிழிந்து கிடக்க, மிமி 1994-இல் பாடிய அதே பொறுமையோடு மேலே மேலே போகிறார். ஹெட்போனைக் கழற்றாமல் இருந்திருந்தால் இது உங்களுக்கே கேட்டிருக்கும். 2021-இன் ‘ஹே வாட்’டில் டிரம் ஏறக்குறைய இல்லவே இல்லை. இருந்தும் இரண்டு குரல்களும் அவர் தாளத்தில்தான் மூச்சு வாங்குகின்றன.

மிமி போன பிறகு அலன் 2024-இல் தனியாக ஒரு தொகுப்பு வெளியிட்டார், ‘ஒயிட் ரோசஸ், மை காட்’. அதில் தன் குரலையே அடையாளம் தெரியாதபடி இயந்திரத்தால் மாற்றியிருக்கிறார். சிறுவயது முதல் அறிந்த மனைவியின் குரல் பக்கத்தில் இல்லாமல், தன் குரலை மட்டும் அவர் எப்படிக் கேட்பார்? அடுத்த கடிதத்தில் அதற்கும் ‘ஏன் இப்படி மாறினார்’ என்று கேட்டு எழுதிவிடாதீர்கள். முதலில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ‘டபுள் நெகட்டிவ்’வைக் கடைசிவரை கேட்டுவிட்டு எழுதுங்கள்.